கண்டைக் கண்டியோ? ஒரு பெடியனும் இங்கிலீஷ் பாஸ்ட் டென்ஸும்

இதுக்கு நிகழ்வு ஆய்வு எண்டு பெரிய பேர் வைச்சாலும் ஆராய்ஞ்சது ஒரேயொரு பெடியனைத்தான், அதுவும் என்ர சொந்த அக்கான்ர மகன். தரம் 8. அவையின்ர வீடு திருகோணமலைப் பாலையூற்றில, நான் இருக்கிறது உவர்மலையில, பின்னேரத்தில எங்கட விறாந்தையில பத்துப் பன்னிரண்டு பிள்ளையளுக்கு இங்கிலீஷ் சொல்லிக் குடுக்கிறன், அதில இவனும் ஒராள். சைக்கிள்ல வருவான், வந்த உடன தண்ணி கேப்பான், பிறகு பேனை மறந்திட்டன் எண்டுவான். மற்றப் பிள்ளையளுக்கும் இதே குழப்பம் இருந்ததுதான், ஆனா இவனிட்ட ஏன் இப்பிடிப் பிழை விட்டனி எண்டு கேட்டா ஒளிக்காமச் சொல்லுவான், சித்திதானே எண்ட துணிவு. அதாலதான் இவன்ர கதையை எழுதுறன். குழப்பம் இதுதான்: ஒரு இங்கிலீஷ் வசனத்தில எது நவுன் (பெயர்ச்சொல்), எது பாஸ்ட் டென்ஸ் வேர்ப் (இறந்தகால வினை) எண்டு பிரிக்கத் தெரியேல்ல.

தவணைச் சோதினைப் பேப்பர் ஒண்டைக் கசக்கிக் கொண்டு வந்தான். தோட்டம் செய்யிற ஒராளைப் பற்றிச் சின்னப் பந்தி, அதில இருக்கிற பாஸ்ட் டென்ஸ் வேர்ப் எல்லாத்துக்கும் கீழ கோடு போடச் சொல்லியிருந்தது. மொத்தம் 10 இருந்தது. இவன் 9 சொல்லுக்குக் கோடு போட்டிருக்கிறான், அதில சரி 4: வோக்ட், வோண்டட், பிளாண்டட், ஓபண்ட். நடந்தான், விரும்பினான், நட்டான், திறந்தான். மிச்ச 5 கோடும் எங்க கிடக்குது எண்டு பாத்தா எனக்குச் சிரிப்பை அடக்க ஏலாமப் போட்டுது. பெட் எண்ட பாத்தி, சீட் எண்ட விதை, ஷெட் எண்ட கொட்டில், ஹண்ட்ரட் எண்ட நூறு, கடைசியா ரெட் எண்ட சிவப்பு, அது நவுன் கூட இல்லை, வெறும் கலர். கோடு போடாம விட்ட 6: சோ, லெப்ட், ஃபவுண்ட், ருக், கட், புட். கண்டான், விட்டிட்டுப் போனான், தேடிப் பிடிச்சான், எடுத்தான், வெட்டினான், வைச்சான்.

அக்காவுக்கு மார்க்ஸ் மட்டும்தான் கண்ணில பட்டுது, நல்ல ஏச்சு விழுந்திருக்குது. திருத்தினவையும் சிவப்புப் பேனையால குறுக்குக் கோடு போட்டு விட்டிருக்கினம், ஏன் பிழை எண்டு ஒரு சொல் இல்லை. அதை நான் குறை சொல்லேல்ல, நாப்பது நாப்பத்தஞ்சு பேப்பரை ஒரு இரவில திருத்துறவைக்கு அதுக்கெல்லாம் நேரம் எங்க. ஆனா அந்தப் பேப்பரை மேசையில வைச்சு, கோடு போட்டதுகளை ஒரு பக்கமும் விட்டதுகளை மற்றப் பக்கமும் எழுதிப் பாத்தா ஒண்டு பளிச்செண்டு தெரிஞ்சுது. கோடு போட்ட 9 சொல்லும் ஈயும் (e) டீயும் (d) சேர்ந்து முடியிற சொல். விட்ட 6இல ஒண்டு கூட அப்பிடி முடியேல்ல. அதாவது பெடியன் குருட்டுவாக்கில கோடு கீறேல்ல, ஒரு விதியைப் பிடிச்சுக்கொண்டு கடைசி வரைக்கும் அதிலயே நிண்டிருக்கிறான். விதிதான் அரைகுறை. கேட்டன். "சித்தி, கடைசியில ஈடி வந்தா பாஸ்ட். சின்ன வகுப்பிலயே படிச்சது." அவ்வளவுதான், கேஸ் பாதி முடிஞ்சுது எண்டு நினைச்சன். நான் நினைச்சதுதான் பிழை, முடியிறதுக்கு மூண்டு மாசம் பிடிச்சுது.

முதல்ல ஈடி வியாதிக்கு மருந்து பாத்தன். கடைசி ரெண்டு எழுத்தையும் விரலால மூடு, மிச்சம் இருக்கிறது ஒரு உயிருள்ள சொல்லா எண்டு பார். வோக்ட் மூடினா வோக் இருக்குது, பிளாண்டட் மூடினா பிளாண்ட் இருக்குது. பெட் மூடினா பீ எண்ட ஒரு எழுத்துத்தான் மிச்சம், ஹண்ட்ரட் மூடினா வாயில வராத ஒரு கொத்து. இது நல்லா வேலை செய்தது, எண்டாலும் வீட் எண்ட களையை மூடினா வீ எண்டு ஒரு சொல் மிஞ்சும், நாங்கள் எண்ட வீ, அதைக் கண்டுபிடிச்சுக் கொண்டு வந்ததும் இவன்தான். மற்றப் பக்கத்தால பாத்தா ஃபெட், லெட், ஸ்பெட் எல்லாம் உண்மையான பாஸ்ட், ஊட்டினான், வழிநடத்தினான், வேகமாப் போனான், ஆனா மூடினா ஒண்டும் மிஞ்சாது, ஏனெண்டா அதுகளில ஈடி ஒட்டேல்ல, உள்ளுக்க இருந்த ஈ சத்தம்தான் குறுகியிருக்குது. ஃபீட் ஃபெட், லீட் லெட்.

இதுக்குள்ள இன்னொரு சங்கதி வெளிய வந்துது. சொல்வதெழுதல் குடுத்தனான், வோக்ட் எண்ட சொல்லை இவன் வோக்கற் மாதிரி எழுதியிருக்கிறான், கடைசியில டீக்குப் பதிலா ரீ (t) எழுத்துப் போட்டு. ஏனெண்டா எங்கட பிள்ளையள் ஈடியைப் பாத்தாப் பாத்தபடி வாசிக்குதுகள், வோக்கெட், பிளேயெட், ஓப்பினெட். அப்பிடி வாசிச்சா அது பக்கற், ரிக்கற், ஜக்கற் எண்ட சாமான்களோட ஒரே தாளத்தில விழும், பஸ்ஸில கொண்டக்டர் தாற ரிக்கற்றும் நேற்று நடந்த வோக்கற்றும் ஒண்டு போலக் கேட்டா பிள்ளைக்கு எப்பிடிப் பிரிக்கத் தெரியும்? உண்மையில ஈடிக்கு மூண்டு சத்தம். மூலச் சொல் ரீ சத்தத்திலயோ டீ சத்தத்திலயோ முடிஞ்சாத்தான் முழுசா ஒரு அசை கூடும், வோண்டட், பிளாண்டட், நீடட். க், ப், ஸ், ஷ், ச், ஃப் மாதிரிக் காத்துச் சத்தத்தில முடிஞ்சா வெறும் ரீ சத்தம்தான், வோக்ட், ஜம்ப்ட், வொஷ்ட், லாஃப்ட். மற்றதெல்லாம் மெல்லிய டீ, பிளேட், ஓபண்ட், கோல்ட், அதாவது விளையாடினான், திறந்தான், கூப்பிட்டான். தமிழ் எழுத்தில இந்த ரீயும் டீயும் ஒண்டாத்தான் விழும், அதால வாயில சொல்லி, தொண்டையில கை வைச்சு அதிருதா எண்டு பாக்கச் சொன்னன். பிள்ளையள் எல்லாம் கழுத்தைப் பிடிச்சுக்கொண்டு இருந்ததைப் பாத்திட்டுப் பக்கத்து வீட்டு மாமி மதிலுக்கு மேலால என்ன நடக்குது எண்டு கேட்டவ.

சரி, ஈடி ஒரு அளவுக்குச் சரி வந்துது. அடுத்தது ஈடி இல்லாத வேர்ப்புகள். எல்லாரும் செய்யிறதைத்தான் நானும் செய்தன், மூண்டு நிரல் அட்டவணை, கோ வென்ட் கோன், சீ சோ சீன், ஒரு கிழமைக்கு முப்பதாக ரெண்டு கிழமையில 60 வேர்ப். பாடமாக்கிறதில இவன் கெட்டிக்காரன், தேவாரம் மாதிரி ராகம் போட்டு ஒப்பிப்பான். அக்காவுக்கு நல்ல சந்தோசம். எனக்கும்தான். பிறகு நானே ஒரு பேப்பர் தயாரிச்சுக் குடுத்தன், அத்தான் ஓடாவி வேலை, அதாவது தச்சு வேலை செய்யிறவர், அதால அவற்ற பட்டறையை வைச்சு ஒரு பந்தி.

அந்தப் பேப்பர்தான் என்னை இருத்தி வைச்சுது. வேர்ப் எல்லாத்துக்கும் கோடு போட்டிட்டான், ஒண்டையும் விடேல்ல. ஆனா அதோட சேர்த்து மரம் அரியிற வாளுக்குக் கோடு. நிலத்துக்குக் கோடு. இடக் கைக்குக் கோடு. மேசைக்கு ஒட்டுற கம்பளித் துணிக்குக் கோடு, ரோசாப்பூவுக்குக் கோடு, யோசினைக்கும் கோடு. சோ, கிரவுண்ட், லெப்ட், ஃபெல்ட், ரோஸ், தோட். ஆறும் அட்டவணையில நடு நிரலில இருக்கிற சொல்லுகள். முதல் பேப்பரில வேர்ப் இல்லாத 5இல பிழை விட்டவன் இப்ப 6இல விட்டிட்டான், அதுக்கு நான் குடுத்த மருந்துதான் காரணம். முந்தி ஈடியைக் கண்டாக் கோடு போட்டவன், இப்ப அட்டவணைச் சொல்லைக் கண்டாக் கோடு போடுறான், ரெண்டிலயும் அவன் பாக்கிறது சொல்லின்ர முகத்தை மட்டும்தான்.

மொழிபெயர்க்கச் சொன்னா இன்னும் பம்பல். மை கிராண்ட்மதர் கிரவுண்ட் த சில்லீஸ் எண்டு ஒரு வசனம், அம்மம்மா மிளகாய் அரைச்சா எண்டு அர்த்தம், கிரைண்ட் எண்ட வேர்ப்பின்ர பாஸ்ட் கிரவுண்ட். கோடு சரியாத்தான் போட்டிருக்கிறான், கீழ தமிழில எழுதியிருக்கிறான்: என்ர அம்மம்மாவின்ர மைதானத்து மிளகாய். கேட்டா, "கிரவுண்ட் எண்டா மக்கெய்சர் கிரவுண்ட் தானே சித்தி, ஆனா அட்டவணையிலயும் கிடக்குது, அதால கோடும் போட்டனான்." ரெண்டு பக்கமும் காப்புறுதி. அம்மம்மா கேட்டிட்டு, எனக்கெங்க மைதானம், ரெண்டு பேர்ச் வளவும் கொப்பனுக்குச் சீதனமாப் போட்டுது எண்டா.

அடுத்து நான் விட்ட பிழை, எல்லா ரியூசனிலயும் விடுற பிழை. சொல்லுக்கு முன்னால த, ஏ, மை, ஹிஸ் வந்தா அது நவுன் எண்டு சொல்லிக் குடுத்தன். பொய் இல்லை. த சோ எண்டா வாள், ஏ ரோஸ் எண்டா பூ, பத்தில எட்டு இடத்தில பிடிக்கும். மிச்ச ரெண்டு இடத்தில என்ன நடக்கும் எண்டா, த ஓல்ட் ரஸ்டி சோ எண்டு வந்தா, துருப் பிடிச்ச பழைய வாள், சோவுக்குப் பக்கத்தில நிக்கிறது ரஸ்டி, த இல்லை, அதால இவன் அதை வேர்ப் எண்டிட்டான். த புரோக்கன் செயார் எண்டு வந்தா, உடைஞ்ச கதிரை, த வுக்குப் பக்கத்தில நிக்கிறது புரோக்கன், அதை நவுன் எண்டிட்டான். ரோசஸ் எண்டு ஒண்டுமில்லாமத் தனிய வந்தா ஆள் பேனையை வாயில வைச்சுக்கொண்டு என்னைப் பாக்கிறான். த எவ்வளவு தூரம் வரைக்கும் கை நீட்டும் எண்டு நான் சொல்லிக் குடுக்கேல்ல, அது நீட்டுறது ஒரு சொல்லுக்கு இல்லை, அந்தக் கூட்டத்தின்ர தலைவர் எங்க நிக்கிறாரோ அது வரைக்கும், இடையில நாலு பேர் நிண்டாலும். இதை 13 வயசுப் பிள்ளைக்கு எப்பிடிச் சொல்லுறது? அந்தக் கிழமை அக்கா போன் எடுத்து, "நீ குழப்பி விட்டிட்டாய், முந்தி நாலாவது சரி வந்துது" எண்டவ. பதில் சொல்ல என்னட்ட ஒண்டும் இல்லை.

திரும்பினது ஒரு ஞாயிற்றுக்கிழமை, அதுவும் பாடம் இல்லாத நேரம். அம்மா, அதாவது இவன்ர அம்மம்மா, பின்வளவில மிளகாய்க் கண்டு வைச்சிருந்தவ, இரவில ஆரோ வீட்டு ஆடு பூந்திட்டுது. காலமை இவனைப் பாத்துக் கேட்டா: "தம்பி, அந்தக் கடைசிக் கண்டைக் கண்டியோ?" இவனும் நிண்ட நிலையில, "கண்டனான் அம்மம்மா, அந்தக் கண்டு மட்டும்தான் தப்பி நிக்குது" எண்டான்.

நான் தேத்தண்ணிக் கோப்பையோட வாசல்ல நிண்டனான், அப்பிடியே இருந்திட்டன். மற்ற ஊர் ஆக்களுக்குச் சொல்ல வேணும், எங்கட பேச்சில கன்று எண்டது கண்டு. வாழைக்கண்டு, பூக்கண்டு, கண்டுக்குட்டி. ஒன்று ஒண்டு ஆகின மாதிரி, மூன்று மூண்டு ஆகின மாதிரி, என்று எண்டு ஆகின மாதிரி. காணுறதில இருந்து வாற கண்டு எப்பவும் கண்டுதான். ஆக ரெண்டு வேற சொல் ஒரே முகத்தோட வந்து நிக்குது, ஒண்டு செடி, மற்றது பாத்தது. ஐ சோ த சோ எண்டதில இருக்கிற அதே வில்லங்கம், அச்சொட்டா அதே வேர்ப், காணுறது. இங்கிலீஷிலயும் கண்ட சோவும் வெட்டுற சோவும் வேற வேற வேரில இருந்து வந்து, காலப்போக்கில எழுத்தும் சத்தமும் ஒண்டாகினதுகள். ரோசும் அப்பிடித்தான், பூ லத்தீனில இருந்து வந்தது, எழும்பினான் எண்ட ரோஸ் ஆதியில இருந்தே இங்கிலீஷ். லெப்ட் கை எண்டது முந்தி பலம் குறைஞ்சது எண்ட அர்த்தத்தில இருந்த சொல், விட்டிட்டுப் போறதோட ஒரு சொந்தமும் இல்லை. தோட் மட்டும் உண்மையாவே ஒரே குடும்பம், நினைச்சதும் நினைப்பும்.

உடன கூப்பிட்டு இருத்திக் கேட்டன், அம்மம்மா சொன்னதில எந்தக் கண்டு செடி, எந்தக் கண்டு பாத்தது? என்னை ஒரு மாதிரிப் பாத்தான், சித்திக்கு என்ன நடந்தது எண்ட மாதிரி. "கண்டை எண்டா செடி. கண்டியோ எண்டா நான்." எப்பிடித் தெரியும்? "ஐ வந்திருக்குது தானே. மற்றதில நீ எண்டு வருது தானே." கண்டுக்குத் தண்ணி ஊத்து எண்டா? "செடி." கண்டிட்டு வா? "பாக்கிறது." இருந்து, மருந்து, விருந்து? மூண்டும் ஒரே மாதிரி முடியுது, எது செயல்? "இருந்து. மருந்தை எண்டு சொல்லலாம், இருந்தை எண்டு சொல்ல ஏலாது." ஒரு அட்டவணையும் பாடமாக்காமல், ஒரு கோடும் கீறாமல், வரிசையாச் சரி.

இவன் சொன்னது புதுசில்லை, தொல்காப்பியம் வினையியலை இதிலதான் தொடங்குது: வினை எண்டா வேற்றுமை எடுக்காது, காலத்தைக் காட்டும். பெயருக்கு மற்றப் பக்கம், வேற்றுமை எடுக்கும், காலம் காட்டாது. வந்தவன், கண்டவன் மாதிரி வினையில இருந்து பிறந்து காலமும் காட்டி வேற்றுமையும் எடுக்கிற பெயர்கள்தான் அதுக்கு விலக்கு, அதையும் விட்டு வைக்காமச் சொல்லியிருக்குது. ரெண்டே கேள்வி. ஐ, ஆல், கு ஒட்டுமா? காலத்தை மாத்தினா சொல் மாறுமா? நான் இவ்வளவு நாளும் இங்கிலீஷை இங்கிலீஷ் புத்தகத்துக்குள்ளயே வைச்சுத் தேடினனான், அந்தக் கேள்வி பின்வளவில ஆடு தின்ன மிச்சத்தோட நிண்டிருக்குது.

ஆனா அப்பிடியே தூக்கிக் கொண்டு போய் இங்கிலீஷில ஒட்ட ஏலாது, ஏனெண்டா இங்கிலீஷில ஐ எண்ட உருபு இல்லை, ஆளைக் காட்டுற ஆன், ஆள் விகுதியும் இல்லை. சோ எண்டா நான் கண்டதும் சோ, அவ கண்டதும் சோ, ஆடு கண்டதும் சோ. அது எல்லாத்தையும் இங்கிலீஷ் சொல் நிக்கிற இடத்தில வைச்சிருக்குது. அதால ரெண்டாவது கேள்வியைத்தான் முதல்ல எடுத்தன், காலம். வசனத்தை எடு, நேற்று நடந்ததை எவ்ரி டே நடக்கிறதா மாத்து, எந்தச் சொல் மாறாட்டி வசனம் காதில குத்துதோ அதுதான் வேர்ப்.

மை ஃபாதர் லெப்ட் த சோ ஒன் த கிரவுண்ட். அப்பா வாளை நிலத்தில விட்டிட்டுப் போனார். அட்டவணைப்படி பாத்தா மூண்டு கோடு விழும். எவ்ரி டே போடு. மை ஃபாதர் லீவ்ஸ் த சோ ஒன் த கிரவுண்ட், எவ்ரி டே. லெப்ட் மாறிட்டுது, லீவ்ஸ் ஆகிட்டுது. சோவை சீஸ் எண்டு மாத்திப் பார், மை ஃபாதர் லெப்ட் த சீஸ், வசனமே இல்லை. கிரவுண்டை கிரைண்ட்ஸ் எண்டு மாத்திப் பார், அதுவும் இல்லை. ஒரு கோடு மட்டும். பெடியன்ர முகம் மலர்ந்துது, எனக்கும் அப்பாடா எண்டு இருந்துது. லீவ்ஸ் எண்டா இலையள் எண்டும் ஒரு நவுன் இருக்குது, நான் அண்டைக்கு அதைப் பற்றி வாயே திறக்கேல்ல.

இந்த முறை எங்க சறுக்கும் எண்டா கட், புட், ஹிட், ஹேர்ட், ஷட் மாதிரி, பாஸ்ட்டிலயும் பிரசண்ட்டிலயும் ஒரே உடுப்புப் போட்டுக்கொண்டு நிக்கிற வேர்ப்புகளில. ஹீ வந்தா பரவாயில்லை, எவ்ரி டே போட்டா ஒரு எஸ் முளைக்கும், ஹீ கட்ஸ், ஹீ புட்ஸ். தே வந்தா ஒண்டும் அசையாது. அதுக்குத்தான் இல்லை எண்டு சொல்லுற சோதினை. நடக்கேல்ல எண்டு மாத்திப் பார். டிட் நொட் எந்தச் சொல்லுக்கு முன்னால போய் நிக்க ஒத்துக்கொள்ளுதோ அது வேர்ப், அதோட அந்தச் சொல் தன்ர பாஸ்ட் உடுப்பைக் கழட்டிப் போட்டிட்டு மூலச் சொல்லா நிக்கும். ஐ சோ, ஐ டிட் நொட் சீ. தே கட் த ரோப், தே டிட் நொட் கட் த ரோப். விரலில வெட்டுக்காயம், ஏ கட் ஒன் மை ஃபிங்கர், இதில ஏ டிட் நொட் கட் எண்டு சொல்லிப் பார், நாக்கே மறுக்கும். பிள்ளையளுக்கு இதுதான் எல்லாத்தையும் விடப் பிடிச்சுது, சண்டை பிடிக்கிற மாதிரி இல்லை இல்லை எண்டு கத்தலாம். வோஸ், வேர் ரெண்டும் டிட்டைக் கிட்ட விடாது, அதுகள் நொட்டைத் தாங்களே எடுக்கும், அதைத் தனியச் சொல்லி விட்டன்.

த கட் ஹேர்ட் எண்ட மூண்டு சொல் வசனத்தில கொஞ்ச நேரம் நிண்டம். வெட்டுக்காயம் நொந்துது. ரெண்டு சொல்லும் அட்டவணைச் சொல், ரெண்டும் மூண்டு நிரலிலயும் மாறாத சொல், ரெண்டும் நவுனாகவும் வரும். இல்லை போடு: த கட் டிட் நொட் ஹேர்ட். ஹேர்ட்தான் வேர்ப். இவன் தானாவே சொன்னான், தமிழிலயும் வெட்டச் சொல்லுறதும் வெட்டு, காயமும் வெட்டு எண்டு. நான் அதை யோசிக்கவே இல்லை.

நவுன் பக்கத்தால பாக்கிறதுக்கு ஒண்டு ரெண்டு எண்டு எண்ணிப் பாக்கச் சொன்னன். ஸ்போக் எண்ட சொல்லை அவன்ர சைக்கிளிலயே காட்டினன், சில்லில இருக்கிற கம்பி ஒரு ஸ்போக், ரெண்டு ஸ்போக்ஸ், எண்ணலாம். கதைச்சான் எண்ட ஸ்போக்கை எண்ண ஏலாது. அன்பு, தண்ணி மாதிரி எண்ணாத நவுனுகளில இது சறுக்கும்தான், ஃபெல்ட் துணியையும் எண்ண ஏலாது, அதால இதை ரெண்டாம் பட்சமா வைச்சன்.

சில இடத்தில காதே காணும். கோட்டைக்குள்ள கோணேசர் கோவிலுக்குப் போற வழியில மான்கள் நிக்கும் தெரியும்தானே, ஒரு மான்ர காலில காயம் எண்டு ஒரு வசனம் எழுதியிருந்தனான். காயம் எண்டா வூண்ட். கயிறு சுத்தினான் எண்டா அதே எழுத்து, ஆனா வவுண்ட், வைண்ட் எண்டதின்ர பாஸ்ட். எழுத்தில ஒண்டு, வாயில ரெண்டு. சத்தமா வாசிக்க வைச்சா அந்தப் பிள்ளைக்கு வசனம் விளங்கினதா இல்லையா எண்டு உடன தெரிஞ்சிடும், கோடு போட வைக்கத் தேவையே இல்லை. இதை எல்லாப் பிள்ளையளுக்கும் இப்ப செய்யிறன்.

மூண்டாவது பேப்பர் ரெண்டு கிழமை கழிச்சு. வேர்ப் 14, அதில 13 பிடிச்சான். விட்டது ஸ்ப்ரெட். நவுன் பக்கம் ஒரு பொறியிலயும் விழேல்ல, வாளும் நிலமும் ரோசாவும் கோடில்லாம நிம்மதியா இருந்துதுகள். தேவையில்லாத கோடு ஒண்டே ஒண்டு, அதுவும் நான் வேணுமெண்டு வைச்ச இடம்: த சோ ஃபவுண்ட் அண்டர் த பெட் வோஸ் மை ஃபாதர்ஸ். கட்டிலுக்குக் கீழ கண்டெடுத்த வாள் அப்பாவின்ர. ஃபவுண்டுக்கும் வோசுக்கும் ரெண்டு கோடு. இல்லை போட்டுப் பார் எண்டன். "த சோ டிட் நொட் ஃபைண்ட்…" எண்டு தொடங்கி நிப்பாட்டினான். "வாள் எப்பிடிச் சித்தி கட்டிலுக்குக் கீழ போய்த் தேடும்?"

இது நவுன் வேர்ப் பிரச்சினை இல்லை, அடுத்த படி. இந்த ஃபவுண்ட் அட்டவணையில மூண்டாவது நிரல்ல இருந்து வாறது, எங்கட பெயரெச்சம் மாதிரி. கண்டெடுத்தான் எண்டதுக்கும் கண்டெடுத்த வாள் எண்டதுக்கும் தமிழில வித்தியாசம் வெளிப்படையாத் தெரியும், இங்கிலீஷில ரெண்டும் ஃபவுண்ட்தான். பெரிய ஆக்களே விழுற குழி இது, 1970இல தோமஸ் பெவர் எண்ட மொழி உளவியலாளர் காட்டின ஒரு வசனம் இண்டைக்கும் எல்லாரையும் தடுக்கி விழுத்துது: த ஹோர்ஸ் ரேஸ்ட் பாஸ்ட் த பார்ன் ஃபெல். கொட்டிலைக் கடந்து ஓட்டின குதிரை விழுந்துது எண்டு அர்த்தம், ஆனா ரேஸ்டை வேர்ப் எண்டு எடுத்துக்கொண்டு போனா கடைசியில ஃபெல் வந்து நடு ரோட்டில மறிக்கும். இங்கிலீஷ் தாய்மொழியான ஆக்களே மறிபடுகினம், எங்கட பெடியன் மறிபட்டது ஒரு பெரிய குற்றமில்லை. அக்காவுக்கு அதைச் சொன்னன், "அப்ப மார்க்ஸ் வருமோ வராதோ?" எண்டவ.

போன கிழமை பாடம் முடிஞ்சு எல்லாரும் போன பிறகு இவன் மட்டும் நிண்டான். பையுக்குள்ள இருந்து அந்த முதல் பேப்பரை எடுத்து விரிச்சான், நான் எறிஞ்சிருப்பான் எண்டு நினைச்சனான், வைச்சிருக்கிறான். கடைசிக் கோட்டில விரல் வைச்சான், ரெட், சிவப்பு. "சித்தி, ரீட்டுக்குப் பாஸ்ட் என்ன?" எழுதினா ரீட் மாதிரியேதான் இருக்கும், வாசிக்கிறது ரெட் எண்டன். "அப்ப இதை ஆராவது வாசிக்கக் கேட்டுக் கோடு போட்டிருந்தா எனக்குச் சரி வந்திருக்கும் தானே? ஒரு மார்க் தாங்கோவன்."

வசனத்தை முழுசாச் சொல்லு பாப்பம் எண்டன். கண்ணை மேல வைச்சு யோசிச்சான். "த மேன் டிட் நொட்…" எண்டு தொடங்கினவன் தானே சிரிச்சுப்போட்டுப் பேப்பரை மடிச்சுச் சட்டைப் பொக்கற்றுக்குள்ள வைச்சுக்கொண்டு சைக்கிளை எடுத்திட்டான். பேனையை மேசையில விட்டிட்டுப் போட்டான்.